விரல் நுனியில் 91: மலிவு மருத்துவக் கருவிகள் பற்றி வாசகர் கேள்விகள்

வீட்டிலும் சிறு மருத்துவமனைகளிலும் புழங்கும் விலை குறைந்த கருவிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ‘விலை குறைவு என்பதால் அளவும் தப்பாக இருக்குமோ?’ என்ற சந்தேகம் பல கடிதங்களில் தென்படுகிறது. தப்பு நேர்வது உண்டுதான். பெரும்பாலும் அது கருவியும் உடம்பும் சந்திக்கும் இடத்தில் நேர்கிறது; அதைத் திருத்தக் காசு தேவையில்லை.

கேள்வி: அம்மாவுக்காக விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கினோம். ஆள்காட்டி விரலில் 91, நடுவிரலில் 96 காட்டுகிறது. ஒருநாள் இரவில் 88 காட்டியது, ஐந்து நிமிடத்தில் 95 ஆகிவிட்டது. எதை நம்புவது?

முதலில் நாடியைப் பாருங்கள், பிறகு ஆக்சிஜன் எண்ணுக்கு வாருங்கள். அம்மாவின் மணிக்கட்டில் விரல் வைத்து முப்பது விநாடி நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். திரையில் தெரியும் நாடியோடு அது ஏறக்குறைய ஒத்துப்போனால், கருவி ரத்த ஓட்டத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. கையில் 84, திரையில் 52 என்றால் அந்த நேரத்து ஆக்சிஜன் எண்ணைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

காரணம், கருவி வேலை செய்யும் விதம். 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறி விரலுக்குள் பாய்கின்றன. மறுபக்கத்தில் உள்ள உணரி எவ்வளவு ஒளி வந்து சேர்ந்தது என்று அளக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் அகச்சிவப்பை அதிகமாகவும் உறிஞ்சும்; ஆக்சிஜன் இறங்கிய ரத்தம் இதற்கு நேர்மாறு. ஆனால் தோலும் சதையும் எலும்பும்கூட ஒளியை உறிஞ்சுகின்றனவே, அவற்றை எப்படிக் கழிப்பது? ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1974-இல் வழி சொன்னார்: துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மாறாமல் நிற்பதை எல்லாம் விட்டுவிடலாம். தமனி ரத்தம்தான் துடிக்கும். ஊசி குத்தாமல் ரத்த ஆக்சிஜனை அளக்க முடிந்தது இந்த ஒரு யோசனையால்தான். கருவியின் பலவீனமும் இதிலேயே இருக்கிறது: விரல் சில்லிட்டுத் துடிப்பு மங்கினால் கணக்குத் தடுமாறும்.

ஆகவே அளக்கும் முறை இது. நகப்பூச்சை அழித்துவிடுங்கள். ஐந்து நிமிடம் ஓய்வாக உட்கார வையுங்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, கையை நெஞ்சு உயரத்தில் மேசை மீதோ மடியில் வைத்த தலையணை மீதோ வையுங்கள். விரல் நுனி உள்ளே முட்டும்வரை நுழைய வேண்டும். வெயிலோ பளிச்சென்ற விளக்கோ நேராக விழுந்தால் கைக்குட்டையால் மூடுங்கள். முதலில் தோன்றும் எண்ணை விட்டுவிட்டு, ஒரு நிமிடம் கழித்து அசையாமல் நிற்கும் எண்ணை எழுதுங்கள். இப்படி அளந்தால் இரண்டு விரல்களுக்கும் நடுவே இருக்கும் ஐந்து புள்ளி வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். ஒன்றிரண்டு புள்ளி மிச்சமிருந்தால் அது கருவியின் இயல்பு. நல்ல கருவியிலும் உண்மை அளவிலிருந்து இரண்டு மூன்று புள்ளி விலகல் இருக்கும்.

சரியாக அளந்தும் 94-க்குக் கீழே நின்றால் மருத்துவரைக் கேளுங்கள். 90 அல்லது அதற்குக் கீழே என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த எல்லை வேறு. மருத்துவர் சொன்ன எண்ணே அவர்களுக்குச் சட்டம். இரவுதோறும் குறைந்து, குறட்டையும் சேர்ந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எச்சரிக்கையாக இரண்டு விஷயங்கள். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் திரையில் 95 இருந்தாலும் ஆளைத்தான் நம்ப வேண்டும். அடுத்தது, மூடிய அறையில் அடுப்புப் புகையோ ஜெனரேட்டர் புகையோ சுவாசித்து மயங்கியவருக்கு ஆக்சிமீட்டர் 98 காட்டும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் அதனால் பிரித்தறிய முடியாது.

கேள்வி: வீட்டு பி.பி. மிஷினில் 152, மருத்துவமனையில் 134. மிஷின் கெட்டுவிட்டதா?

கெட்டிருக்கலாம். ஆனால் அதற்கு முன் கையில் சுற்றும் பட்டையான கஃப்பைச் சந்தேகப்படுங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு டேப் வைத்துக் கையின் சுற்றளவை அளந்து பாருங்கள். கஃப்புக்குள் இருக்கும் காற்றுப்பை அந்தச் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். மிஷினோடு வரும் சாதாரண கஃப் பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்கானது. 35 செ.மீ. கையில் அதைக் கட்டினால் பை முழுதாகச் சுற்றாது. தமனியை அழுத்தி மூட அதிகக் காற்று தேவைப்படும். அந்த அதிகத்தை மிஷின் ரத்த அழுத்தமாகவே எழுதும். சிறிய கஃப் கூட்டிக் காட்டும், பெரிய கஃப் குறைத்துக் காட்டும். பெரிய கஃப் தனியாகக் கிடைக்கிறது, ஆனால் உங்கள் மாடலுக்கு உரியதைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது கையின் உயரம். நெஞ்சு மட்டத்திலிருந்து 10 செ.மீ. கீழே கை இருந்தால் 7 அல்லது 8 புள்ளி கூடும். 10 செ.மீ. உயர ரத்தத்தின் எடை அவ்வளவு மி.மீ. பாதரசத்துக்குச் சமம், வேறு மர்மம் ஒன்றும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து கையைத் தொடையில் வைத்து அளப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இந்தப் பிழை சேர்ந்துகொண்டே வரும். மணிக்கட்டில் கட்டும் மிஷின்களில் இது இன்னும் மோசம். மேல்கை மிஷினையே வாங்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அளப்பதற்கு முன் அரைமணி நேரம் காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காமல் கழற்றிவிடுங்கள். கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே இருக்கட்டும். அளக்கும்போது பேச்சு கூடாது. பேசினாலே அளவு ஏறும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஏழு நாள் அளந்து எழுதுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்ற ஆறு நாட்களுக்குச் சராசரி எடுங்கள். அந்தச் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தக் கணக்கில் வரும். ஒற்றை எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

மிஷினைச் சோதிக்க அதை மருத்துவமனைக்கே கொண்டுபோங்கள். ஒரே கையில், ஒரே உட்காரலில், அவர்கள் கருவியிலும் உங்கள் கருவியிலும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 5 புள்ளிக்குள் இருந்தால் கவலை இல்லை. 10-ஐத் தாண்டினால் மாற்றிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களுக்கு இந்த மிஷின்கள் தடுமாறும். மூன்று முறை அளந்து சராசரி பார்ப்பதோடு, மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பதும் அவசியம்.

வாங்கும்போது பெட்டியில் உள்ள புளூடூத், வண்ணத் திரை போன்றவற்றைப் பார்ப்பதைவிட, அந்த மாடல் மனிதர்கள் மீது சோதித்துச் சான்று பெற்றதா என்று பாருங்கள். அதற்கான தரம் ஐஎஸ்ஓ 81060-2.

கேள்வி: ஒரே விரலில் அடுத்தடுத்து இரண்டு முறை சர்க்கரை பார்த்தால் 162, 181 என்று வருகிறது. ஸ்ட்ரிப் போலியா?

போலி என்று முடிவு கட்ட இது போதாது. வீட்டு குளுக்கோமீட்டருக்கான ஐஎஸ்ஓ 15197 தரமே, 100-க்கு மேல் உள்ள அளவுகளில் நூற்றுக்கு 95 அளவீடுகள் ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. உண்மை அளவு 170 என்றால் 145 முதல் 195 வரை எது வந்தாலும் கருவி தரத்துக்குள் இருக்கிறது. உங்கள் இரண்டு எண்களும் ஒரே அளவையே சொல்லக்கூடும்.

பெரிய தப்புகள் வேறு இடத்தில் நடக்கின்றன. பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை அந்தச் சிறு ரத்தத்துளியில் கலந்து அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகு குத்துங்கள். ஈரம் இருந்தால் துளி நீர்த்துப்போய் குறைத்துக் காட்டும். ஸ்பிரிட் தடவினால் முழுதும் உலரட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலியும் குறையும். பிசைந்து பிசைந்து ரத்தம் எடுக்க வேண்டாம், கையைத் தொங்கவிட்டு உதறினாலே வரும்.

ஸ்ட்ரிப்பில் இருப்பது உயிருள்ள பொருள் தந்த நொதி. ஈரக்காற்றும் வெப்பமும் அதைக் கெடுக்கும். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை உடனே மூடுங்கள். மூடியிலேயே ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. குளியலறை அலமாரியும் வெயிலில் நிற்கும் காரும் ஸ்ட்ரிப்புக்கு ஆகாத இடங்கள். டப்பாவைத் திறந்த தேதியை மேலேயே எழுதி வையுங்கள், ஏனென்றால் திறந்த பிறகு சில நிறுவன ஸ்ட்ரிப்புகளுக்கு ஆயுள் மாதக்கணக்கில்தான். சந்தேகம் வந்தால் அதே நிறுவனத்தின், சர்க்கரை அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் கரைசலை ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். டப்பாவில் அச்சிட்ட வரம்புக்குள் எண் வந்தால் மீட்டரும் ஸ்ட்ரிப்பும் நலம்.

ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும், இதை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். கணவன் மனைவியாகவே இருந்தாலும் குத்தும் ஊசியான லான்செட்டையும் அதை மாட்டும் பேனாவையும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி அந்த வழியில் பரவும்.

கடைசியாக ஒரு யோசனை. மீட்டரின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள். வருடத்துக்கு எத்தனை ஸ்ட்ரிப் தேவை என்று கணக்குப் போட்டு, அந்த ஸ்ட்ரிப் தடையில்லாமல் கிடைக்கும் மீட்டரை வாங்குங்கள். செலவு முழுவதும் அங்கேதான்.

கேள்வி: குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். கரைசலில் சர்க்கரை எதற்கு? குறைத்துப் போடலாமா, உப்பைக் கூட்டலாமா?

இரண்டும் கூடாது. சர்க்கரை அங்கே சுவைக்காக இல்லை. சிறுகுடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக மட்டுமே உள்ளே விடும் கதவு ஒன்று இருக்கிறது. இரண்டும் நுழைந்தால் தண்ணீர் பின்னாலேயே வரும். காலரா போன்ற கடும் பேதியிலும் இந்தக் கதவு கெடுவதில்லை. உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தால் உடம்பில் ஏறாது. சர்க்கரையை அள்ளிப் போட்டால் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். உப்பைக் கூட்டினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புவரை போகலாம்.

உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்கின்றன. மொத்தம் 20.5 கிராம். ஆகவே பாக்கெட்டில் எத்தனை மி.லி. நீருக்கானது என்று படித்து, அவ்வளவையும் ஒரே தடவையில் கரையுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டில் கொஞ்சத்தை எடுத்து ஒரு டம்ளரில் போட்டுக் கலக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. அளவு கண்டபடி மாறிவிடும். பாலிலோ பழச்சாற்றிலோ கலக்க வேண்டாம். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

பாக்கெட் கிடைக்காதபோது ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. இதில் பொட்டாசியம் இல்லை என்பதால் பாக்கெட் கிடைக்கும்வரைக்குமான ஏற்பாடு இது. இரண்டு வயதுக்குக் கீழ் ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்தி, மறுபடி ஒவ்வொரு ஸ்பூனாக மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., அதற்குக் கீழ் 10 மி.கி., பேதி நின்றாலும் 10 முதல் 14 நாள்வரை. கண் குழிவிழுந்து, குடிக்க மறுத்து, துவண்டு கிடந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

1971-இல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே மொண்டு கொடுத்தார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. இந்தப் பக்கத்தில் பேசும் எல்லாக் கருவிகளிலும் விலை குறைந்தது இதுதான், அதிக உயிர்களைக் காத்ததும் இதுதான்.

கேள்வி: காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் இருக்கிறது. ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டரில் 3 காட்டுகிறது, ஆனால் மூக்குக் குழாயில் காற்று வருவதே தெரியவில்லை. மெக்கானிக் வரும்வரை என்ன செய்யலாம்?

நோயாளிக்கு ஆக்சிஜன் உடனே தேவை என்றால் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு இதைத் தொடங்குங்கள். மாற்று சிலிண்டர் இல்லாமல் கான்சென்ட்ரேட்டரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது; மின்சாரம் போனால் அது வெறும் பெட்டி.

ஒரு டம்ளர் தண்ணீரில் மூக்குக் குழாயின் நுனியை அமிழ்த்துங்கள். குமிழ் வந்தால் காற்று வருகிறது. மூக்கில் உணர முடியாத அளவுக்கு மென்மையாக வருகிறது, அவ்வளவுதான். குமிழ் இல்லை என்றால் குழாயைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு ஃப்ளோமீட்டரில் உள்ள பந்தைப் பாருங்கள். வழி அடைபட்டதால் பந்து கீழே விழ வேண்டும். கிள்ளியும் பந்து 3-லேயே நின்றால், ஃப்ளோமீட்டருக்கும் உங்கள் விரலுக்கும் நடுவே எங்கோ ஆக்சிஜன் ஒழுகுகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி ஈரப்பதக் குடுவையின் மூடி: மரை கோணலாக ஏறியிருக்கும், அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் விழுந்திருக்கும். குடுவையைக் கழற்றிவிட்டுக் குழாயை நேராக மிஷினில் மாட்டிப் பாருங்கள். குமிழ் வந்துவிட்டால் மெக்கானிக்கே தேவையில்லை. வாஷரைச் சரியாக அமர்த்தி மூடியைத் திருப்புங்கள்.

ஆனால் காற்று வருவது வேறு, ஆக்சிஜன் வருவது வேறு. இந்தக் கருவி ஆக்சிஜனைத் தயாரிப்பதில்லை. அறைக்காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். அமுக்கிய காற்றை ஜியோலைட் குருணைகள் நிரம்பிய உருளைக்குள் செலுத்தினால் நைட்ரஜன் குருணையில் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் கடந்து போகும். ஒரு உருளை நிறைந்ததும் அடுத்ததுக்கு மாறி, முதல் உருளையிலிருந்து நைட்ரஜனை வெளியே ஊதிவிடும். சில விநாடிக்கு ஒருமுறை கேட்கும் ‘புஸ்’ சத்தம் அதுதான், பயப்பட வேண்டாம். நல்ல நிலையில் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் வரும். ஜியோலைட்டுக்கு எதிரி ஈரம். நைட்ரஜனைவிட நீராவியை அது இறுகப் பிடித்துக்கொள்ளும், பிறகு விடாது. மழைக்காலம் முழுக்க மூலையில் மூடி வைத்த மிஷின் வெளியே எடுத்ததும் நன்றாக ஊதும், பந்தும் ஏறும், ஆனால் வருவது ஏறக்குறைய அறைக்காற்றாக இருக்கும். பயன்படாத காலத்திலும் மாதம் சில மணி நேரம் ஓட்டி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். 82 சதவீதத்துக்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும் உணரி உள்ள மாடலையே வாங்குங்கள். இல்லாத மாடலுக்கு, கால் மணி நேரம் ஓட்டிய பிறகு ஆக்சிஜன் அனலைசர் வைத்து அளக்க வேண்டும்.

வாராந்திரப் பராமரிப்பு கொஞ்சம்தான். காற்று நுழையும் இடத்தில் இருக்கும் பஞ்சு ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, முழுதும் உலர்ந்த பிறகு மாட்டுங்கள். மாற்றாக இன்னொன்று கையில் இருந்தால் மிஷினை நிறுத்த வேண்டியதில்லை. குடுவையில் காய்ச்சி வடித்த நீர், தினம் கொட்டி மாற்ற வேண்டும். சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓர் அடியாவது தள்ளி வையுங்கள், மூச்சு முட்டினால் கம்ப்ரஸர் சூடாகும். வோல்டேஜ் ஏறி இறங்கும் இடத்தில் ஸ்டெபிலைசர் கட்டாயம். அந்த அறையில் அடுப்பு, ஊதுவத்தி, சிகரெட் எதுவும் ஆகாது. மருத்துவர் சொன்ன லிட்டரைத் தாண்டி நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், சில நுரையீரல் நோய்களில் அதுவே ஆபத்து.

கேள்வி: பச்சிளங்குழந்தை வார்டில் செவிலியராக இருக்கிறேன். பப்பிள் சிபாப்பில் அடிக்கடி குமிழ் நின்றுவிடுகிறது. ஓட்டத்தைக் கூட்டினால் போதுமா?

கூட்டுவதற்கு முன் கசிவைத் தேடுங்கள். மூச்சுத் திணறும் குழந்தைக்கு மூக்கு வழியாக விடாமல் காற்றழுத்தம் தந்து, நுரையீரல் சுருங்காமல் காப்பது பப்பிள் சிபாப். இந்தக் கருவியின் அழகே, அழுத்தமானி இல்லாமல் அழுத்தத்தைக் கண்ணால் பார்க்க முடிவதுதான். வெளிமூச்சுக் குழாயின் நுனி நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால், குழந்தையின் மூச்சுப்பாதையில் 5 செ.மீ. நீர் அழுத்தம். தொடர்ந்து குமிழ் வந்தால் அழுத்தம் சேருகிறது. குமிழ் நின்றால் காற்று வேறு வழியில் தப்பிவிட்டது. நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கத் தொடங்கிவிடும்.

குழந்தையிலிருந்து தொடங்கி மிஷின்வரை வரிசையாகப் பாருங்கள். மூக்குக் குழல் சிறியதா? நாசித்துளையை அடைக்க வேண்டும், ஆனால் தோல் வெளுக்கக் கூடாது. வாய் திறந்திருக்கிறதா? தாடையை மெதுவாகத் தாங்கியோ சூப்பான் கொடுத்தோ மூடலாம். சளி அடைத்திருக்கிறதா? அடுத்து ஒவ்வொரு இணைப்பையும் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரப்பதக் கலனின் மூடி தளர்வாக இருக்கும். எல்லாம் சரி என்ற பிறகுதான் ஓட்டம். பெரும்பாலும் 5 முதல் 10 லிட்டருக்குள் போதும்.

குமிழ் நன்றாக வந்தும் தப்பு நடக்கும் இடங்கள் உண்டு. வெளிமூச்சுக் குழாயில் நீர் தேங்கினால், வைத்த 5 செ.மீ.-ஐவிட அழுத்தம் ஏறிவிடும், ஆகவே குழாயை அடிக்கடி வடித்துவிடுங்கள். பாட்டிலில் நீர் ஆவியாகிக் குறைந்தால் அழுத்தமும் குறையும். நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மூக்கின் நடுத்தண்டு சிவக்கிறதா என்று சில மணிக்கொருமுறை பார்க்க வேண்டும், ஒரே இரவில் புண்ணாகிவிடக்கூடியது அது. வயிறு உப்பாமலிருக்க வாய்வழிக் குழாயைப் போட்டுத் திறந்து வையுங்கள். குறைமாதக் குழந்தைக்குச் சுத்த ஆக்சிஜனை அப்படியே செலுத்தினால் விழித்திரை கெடும். ஆக்சிஜனோடு காற்றைக் கலக்கும் பிளெண்டர் கருவியை வைத்து, ஆக்சிமீட்டரில் 90-க்கும் 95-க்கும் நடுவில் நிறுத்துங்கள்.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மீன்தொட்டிக் காற்றுப் பம்புகளை வைத்து இப்படி ஒரு கருவியின் முதல் வடிவத்தைச் செய்தார்கள். பிறகு அது மலாவி நாட்டில் சோதிக்கப்பட்டது. வெறும் ஆக்சிஜன் மட்டும் பெற்ற பச்சிளங்குழந்தைகளில் 44 சதவீதம் பிழைத்தன, இந்தக் கருவியில் இருந்தவற்றில் 71 சதவீதம். உங்கள் கையில் இருக்கும் அந்தப் பாட்டிலின் மதிப்பு இது.

கேள்வி: காகிதத்தில் மடித்துச் செய்யும் மைக்ராஸ்கோப்பும், நூலில் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜும் எங்கள் சிறு கிளினிக்கில் லேபுக்குப் பதிலாகப் பயன்படுமா?

இரண்டும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனு பிரகாஷ் குழுவினரின் வேலை. மைக்ராஸ்கோப்பான ஃபோல்ட்ஸ்கோப் 2014-இலும், சுழலியான பேப்பர்ஃபியூஜ் 2017-இலும் வெளியாயின. பொத்தானை நூலில் கோத்து இழுத்து இழுத்துச் சுழற்றும் பழைய விளையாட்டுச் சாமானின் கணிதத்தை ஆராய்ந்து, 2 கிராம் எடையுள்ள காகிதத் தட்டை நிமிடத்துக்கு 1,25,000 சுற்றுவரை கொண்டுபோனார்கள். ஒன்றரை நிமிடத்தில் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா பிரிகிறது. மின்சாரம் இல்லாத இடத்துக்கு இது பெரிய விஷயம்.

ஆனாலும் லேபுக்கு மாற்றாக வைக்க வேண்டாம். மலேரியா ஒட்டுண்ணியைப் பார்த்து இனம் பிரிக்க, சாயமேற்றிய பூச்சை எண்ணெய் லென்ஸில் ஆயிரம் மடங்கு பெருக்கி, நூற்றுக்கணக்கான புலங்களைத் தேட வேண்டும். காகிதக் கருவியில் ஸ்லைடை அவ்வளவு சீராக நகர்த்துவது கண்ணுக்கும் கைக்கும் பெரும் களைப்பு. களைத்த கண் ஒட்டுண்ணியைத் தவறவிடும். சுழலியில் ரத்தம் நிரம்பிய நுண்குழல் உடைந்தால் துளிகள் தெறிக்கும், ஆகவே கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. பயிற்சிக்கும், பள்ளிகளுக்கும், தண்ணீரிலும் மலத்திலும் இருக்கும் பெரிய புழு முட்டைகளைக் காட்டி மக்களுக்குப் புரிய வைக்கவும் ஃபோல்ட்ஸ்கோப் அருமையானது.

கேள்வி: உடைந்த உதிரிபாகங்களை 3டி பிரின்டரில் அச்சடித்துக்கொள்ளலாமா?

கைப்பிடி, சக்கரத் தாங்கி, குழாய் மாட்டும் கொக்கி, முகக்கவசச் சட்டம் ஆகியவற்றைத் தாராளமாக அச்சடியுங்கள். மூச்சுப்பாதையிலும் ரத்தப்பாதையிலும் வரும் எதுவும் கூடாது. அச்சு அடுக்கடுக்காக ஏறுவதால் அடுக்குகளுக்கு நடுவே மயிரிழை இடுக்குகள் இருக்கும். கிருமி அங்கே ஒளியும், துடைத்தாலும் போகாது. பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகிவிடும். நீராவியால் கிருமி நீக்கும் 121 டிகிரி ஆட்டோகிளேவில் வைத்தால் குழைந்துதான் வெளியே வரும்.

கேள்வி: தடுப்பூசிக் குப்பியில் இருக்கும் வட்டமும் சதுரமும் என்ன?

வெப்பம் பட்டதைக் காட்டும் அடையாளம். உள்ளே உள்ள சதுரம் வெளி வட்டத்தைவிட வெளிறி இருந்தால் போடலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்தாலோ போடக் கூடாது. ஆனால் உறைந்துபோய்க் கெட்ட மருந்தை இது காட்டிக்கொடுக்காது. உறைந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனைதான் வழி.

கேள்வி: வெளிநாட்டு அமைப்பு ஒன்று எங்கள் மருத்துவமனைக்குப் பயன்படுத்திய வென்டிலேட்டரும் பச்சிளங்குழந்தைக்குச் சூடு தரும் வார்மரும் தருகிறது. வாங்கிக்கொள்ளலாமா?

சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகு சம்மதியுங்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைக் கருவிகளில் சுமார் 40 சதவீதம் ஓடாமல் கிடப்பதாகக் கண்டது. அதற்கு முந்தைய ஆண்டின் இன்னோர் ஆய்வு நம்பிக்கை தருகிறது: பழுதான கருவிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை, வெளியிலிருந்து உதிரிபாகம் தருவிக்காமல், அடிப்படை மின்வேலை, குழாய்வேலை, சுத்தம் செய்தல், சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தல் ஆகியவற்றாலேயே ஓட வைக்க முடிந்தது. வீணாகும் கருவிகளில் சில காத்திருப்பது ஒரு ஃபியூஸுக்காகவோ ஒரு ஃபில்டருக்காகவோ இருக்கலாம்.

கேட்க வேண்டியவை: எந்த வோல்டேஜ்? 110 வோல்ட் மிஷினை 230-இல் செருகினால் முதல் நாளே புகையும். டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்றால் எத்தனை வாட், யார் தருவது? சர்வீஸ் கையேடு கூடவே வருமா, அதுவும் உங்கள் ஆட்கள் படிக்கும் மொழியில்? அந்த மாடலைக் கம்பெனி இன்னும் ஆதரிக்கிறதா? வென்டிலேட்டருக்கு எத்தனை அழுத்தத்தில் ஆக்சிஜனும் காற்றும் தேவை, உங்கள் குழாயில் அது இருக்கிறதா? அமுக்கிய காற்றே இல்லாத மருத்துவமனையில் அந்த வகை வென்டிலேட்டர் திரையை மட்டும் ஒளிரவிட்டு நிற்கும். குழாய்த்தொகுதி, ஃபில்டர், ஆக்சிஜன் செல், தோலில் ஒட்டும் வெப்ப உணரி ஆகியவை இரண்டு வருடத்துக்கு எத்தனை தேவை, எங்கே கிடைக்கும்? வார்மரின் தோல் உணரி கழன்று விழுந்தால், குழந்தை சில்லிட்டுவிட்டதாக நினைத்து மிஷின் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். ஆகவே உணரி இல்லாத வார்மரைத் தானாக இயங்கும் நிலையில் ஓட்டவே கூடாது.

இவற்றில் இரண்டுக்கு மேல் பதில் வராவிட்டால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். பதில் வந்து கருவியும் வந்துவிட்டால், பெட்டியைப் பிரிக்கும் அன்றே ஓர் அட்டையில் ஃபியூஸின் ஆம்பியர், ஃபில்டர் எண், பேட்டரி வகை, கடைசியாகச் சோதித்த தேதி ஆகியவற்றை எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கருவியின் பக்கவாட்டிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். அந்த ஃபியூஸில் இரண்டையும் அதே உறைக்குள் போட்டு வையுங்கள்.